தோல்வியற்ற தொடக்கம்

அதிபாரக் குத்துச்சண்டை வீரரைத் தோல்வியற்ற தொடக்கத்தைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. மைக் ரைசன் 1985இல் தொழில்முறைக்கு வந்து, அவ்வாண்டிலேயே 15 போட்டிகளில் வென்றார். எதிராளிகளைத் தெரிந்தளித்த முகாமையாளர்களின் பங்கும் அக்கணக்கில் உண்டு.

ஜக் ஜோன்சனுக்கு அத்தகைய காவல் வாய்க்கவில்லை. 1901இல் ரெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரனில், அனுபவமிக்க ஜோ சொயின்ஸ்கியிடம் மூன்றாஞ் சுற்றில் வீழ்ந்தார். பரிசுச்சண்டை அங்கு சட்டவிரோதமாகையால் இருவரும் சிறையிடப்பட்டனர். சிறையிலேயே சொயின்ஸ்கியுடன் பயின்று நுட்பங்கள் கற்றார். பதிவேட்டிலோ அது வெறுந் தோல்வி. அவரே 1908இல் உலக அதிபாரப் பட்டம் வென்ற முதற் கறுப்பினத்தவரானார்.

நிறத்தடையாற் பட்டப் போட்டி மறுக்கப்பட்ட சாம் லாங்போட் போன்றோர் தம்முள்ளேயே மீண்டும் மீண்டும் மோதித் தோல்விகளைச் சேர்த்தனர். அவற்றை ரைசனின் வெற்றிகளோடு ஒரே நிரலில் வைத்தல் தகுமா? 1906இல் லாங்போட்டை வென்றிருந்த ஜோன்சனும், பட்டம் பெற்றபின் அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை.