கதவுல ஒட்டின மார்க் ஷீட்டு

டொராண்டோவுக்குப் புதுசா வர்ற நம்ம ஊர்ப் பசங்க முதல் வாரத்துலயே கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. "மச்சான், அது என்னடா எல்லா ஹோட்டல் வாசல்லயும் பச்சைக் கலர்ல ஒரு நோட்டீஸ்?" அதை பார்க்கிங் பர்மிட்டுன்னு நினைச்சுக்கிட்டு ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டின ஆளை எனக்குத் தெரியும். (பேர் சொன்னா உதைப்பான்.)

அது அந்த ஹோட்டலோட மார்க் ஷீட்டு. நகராட்சி சுகாதாரத்துறை ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாம வந்து அடுப்படி, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாத்தையும் பார்த்துட்டு மூணு கலர்ல ஒண்ணைக் குடுத்துட்டுப் போவார். பச்சைன்னா பாஸ். மஞ்சள்னா 'கண்டிஷனல் பாஸ்', அதாவது குறை இருக்கு, ரெண்டொரு நாள்ல திரும்பி வருவேன், சரி பண்ணி வை. சிவப்புன்னா கடையை மூடு. எலி, பூச்சித் தொல்லை முத்திப் போறது, தண்ணி வராதது, சாக்கடை எதிர்த்து வர்றது, இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் சிவப்பு. எந்தக் கலர் வந்தாலும் வாசல்ல எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒட்டியே ஆகணும். இறைச்சி சமைக்கிற பெரிய ஹோட்டல்னா வருஷத்துக்கு மூணு தடவையாவது ஆய்வு உண்டு. வெறும் பாக்கெட் சாமான் விக்கிற கடைன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. திட்டத்தோட பேரு டைன்சேஃப்.

முதல் மாசம் இதைப் பார்த்து "அடேங்கப்பா, வெள்ளைக்காரன்னா வெள்ளைக்காரன்தான்"னு வாயைப் பிளந்துட்டுத்தான் திரிஞ்சேன். அப்புறம் இது எப்படி வந்துச்சுன்னு தோண்டிப் பார்த்தா, கதை அவ்வளவு பழசே இல்ல. 2001 ஜனவரியிலதான் இது ஆரம்பமாச்சு. அதுக்கு முன்னாடியும் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தாங்க, ரிப்போர்ட் எழுதினாங்க. ஆனா எழுதினது அலுவலக அலமாரிக்குள்ளயே தூங்கிடும். சாப்பிடப் போறவனுக்கு ஒண்ணும் தெரியாது. 2000 பிப்ரவரியில டொராண்டோ ஸ்டார் பத்திரிகையில ராபர்ட் கிரிப் அப்படிங்கிற நிருபர் அந்த ரிப்போர்ட்டுகளை வாங்கிப் படிச்சு, 'டர்ட்டி டைனிங்'னு தொடர் எழுதினார். ஊரே கொதிச்சுப் போச்சு. மாநகராட்சி அவசர அவசரமா ஹோட்டல் ஹோட்டலா ஆய்வு நடத்துச்சு. அடுத்த ஜனவரிக்குள்ள கலர் அட்டை கதவுக்கு வந்துடுச்சு.

ஹோட்டல்காரங்க சும்மா இருப்பாங்களா? அவங்க சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. மஞ்சள் அட்டை ஒட்டினா வியாபாரம் படுத்துடும், கோர்ட்டு தண்டிக்கிறதுக்கு முன்னாடியே நகராட்சி எங்களைத் தண்டிக்குதுங்கிற வாதம். 2005-ல ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சி பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. டொராண்டோ இதுல முதலும் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ்ல 1998-லயே ஏ, பி, சி கிரேடு போட்டு ஒட்ட ஆரம்பிச்சாங்க. அங்கயும் ஒரு டிவி சேனல் ரகசிய கேமராவோட கிச்சனுக்குள்ள புகுந்ததுக்கு அப்புறம்தான் நடந்துச்சு. நியூயார்க்குக்கு 2010-லதான் கிரேடு வந்துச்சு. ஆக, எந்த ஊர்லயும் அரசாங்கம் தானா முழிச்சுக்கல, யாராவது தட்டி எழுப்ப வேண்டியிருந்திருக்கு.

அந்த ஆய்வாளர் கையில இருக்கிற பட்டியல் எதைப் பத்தினதுன்னு பார்த்தீங்கன்னா செம சுவாரசியம். குளிர்ச்சியா வைக்க வேண்டியது 4 டிகிரி செல்சியஸோ அதுக்குக் கீழயோ இருக்கணும், சூடா வைக்க வேண்டியது 60-க்குக் குறையக் கூடாது. நடுவுல இருக்கிற வெப்பநிலையிலதான் கிருமி குட்டி போடும். சமைக்கிறவருக்குக் கை கழுவ தனித் தொட்டி வேணும், பாத்திரம் கழுவுற தொட்டியில கழுவக் கூடாது. பச்சைக் கறியும் வெந்த சோறும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கக் கூடாது. கையுறை கட்டாயமான்னா, இல்ல! ஒழுங்கா கை கழுவினாப் போதும். ஒரே கையுறையைப் போட்டுக்கிட்டு காசையும் வாங்கி சாண்ட்விச்சையும் மடிக்கிறவரை விட, கழுவின கையால இடியாப்பம் எடுத்து வைக்கிற ஸ்கார்பரோ டேக் அவுட் அக்கா எவ்வளவோ மேல்.

பட்டியல்ல இல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. சமைக்கிறவர் யாரு, என்ன சாதி, எந்த நாடு, சாப்பிடுறவன் கையால சாப்பிடுறானா முள்கரண்டியாலயான்னு ஒரு வரி கூடக் கிடையாது. நமக்கு இது சாதாரண விஷயம் இல்லீங்க. ஏன்னா நம்ம ஊர்லயும் ஹோட்டல் வாசல்ல போர்டு இருந்துச்சு.

நம்ம ஆளுங்களுக்கு சுத்தம்னா முதல்ல எச்சில். டம்ளர்ல வாய் படக் கூடாது, அண்ணாந்து குடிக்கணும். அடுத்தவன் கடிச்சதைத் தொடக் கூடாது. இலையில தண்ணி தெளிச்சுத் துடைச்சுட்டுத்தான் உக்காரணும், சாப்பிட்ட இலை திரும்பவும் யாருக்கும் போகாது. இதெல்லாம் கிருமின்னா என்னன்னு தெரியாத காலத்துலயே வந்த நல்ல பழக்கம்னு மார் தட்டிக்கலாம், நானும் தட்டிக்கிறேன். ஆனா அதே 'சுத்தம்'ங்கிற வார்த்தையைத்தான் எடுத்து மனுஷங்க மேலயும் ஒட்டினாங்க. 'பிராமணாள் கபே'ன்னு போர்டு போட்டா, உள்ள சமையல் யாரு கையால நடக்குதுன்னு வாடிக்கையாளருக்கு உத்தரவாதம். சாம்பார் எத்தனை டிகிரியில இருந்துச்சுன்னு யாருக்குக் கவலை?

ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடத்துல கூட பிராமணருக்குத் தனி இடம், மத்தவங்களுக்குத் தனி இடம்னு இருந்துச்சு. பெரியாரும் நீதிக்கட்சியும் கிளர்ச்சி பண்ணி 1941-லதான் அது ஒழிஞ்சுது. 1957-ல சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே போர்டுல இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் ஆரம்பிச்சார். ஒருநாள் கூத்து இல்ல, மாசக்கணக்குல தினமும் தொண்டர்கள் போய் நின்னு கைதானாங்க. கடைசியில அந்தச் சொல் போச்சு. கிராமத்து டீக்கடைல ரெட்டைக் குவளையைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதுக்கு போர்டே தேவைப்படல, எல்லாருக்கும் தெரியும்.

இங்க ஸ்கார்பரோவுல யாழ்ப்பாணத்து மக்கள்தான் நம்மளை விட ரொம்ப அதிகம். அவங்க கதையும் இதேதான். தேநீர்க் கடைக்குள்ள ஒடுக்கப்பட்ட சாதிக்காரருக்கு உக்கார இடம் கிடையாது, போத்தல்ல ஊத்திக் குடுத்த காலம் இருந்துச்சு. இலங்கையில 1957-லயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துடுச்சு. ஆனா சட்டம் கடைக்குள்ள நுழையல. 1966-க்கு அப்புறம் யாழ்ப்பாணத்துல தேநீர்க் கடை, கோயில்னு பெரிய போராட்டங்கள் நடத்த வேண்டியிருந்துச்சு. எழுத்தாளர் கே. டானியல் எல்லாம் அந்தப் போராட்டத்துல முன்னாடி நின்னவர். இன்னிக்கு அதே சமூகத்து ஆளுங்க நடத்துற கொத்து ரொட்டிக் கடை வாசல்ல பச்சை அட்டை தொங்குது, உள்ள யார் பக்கத்துல யார் வேணா உக்காந்து சாப்பிடலாம். கல்யாணப் பேச்சு வரும்போது என்ன நடக்குதுங்கிறது வேற கதை, அதை இங்க இழுக்கல.

சரி, அப்போ வெள்ளைக்காரன் பிறவியிலயே டிகிரி மட்டும் பார்க்குறவனா? அதான் இல்ல! கனடாவோட சஸ்கட்சுவான் மாகாணத்துல 1912-ல ஒரு சட்டம் போட்டாங்க, சீனர்கள் நடத்துற ஹோட்டல்ல வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக் கூடாதுன்னு. மூஸ் ஜா அப்படிங்கிற ஊர்ல ஹோட்டல் வச்சிருந்த குவாங் விங் அதை மீறினதுக்கு அபராதம் வாங்கினார். அவரு முறைப்படி குடியுரிமை வாங்கின ஆளு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 1914-ல சட்டம் செல்லும்னுட்டாங்க. அதே 1914-ல நம்ம ஒண்டாரியோவும் அதே மாதிரி ஒரு சட்டத்தை நிறைவேத்துச்சு. பெண்கள் பாதுகாப்புன்னு காரணம் சொன்னாங்க. சீனன் கடைன்னா அழுக்கு, அபின், சூதுங்கிற பேச்சும் கூடவே ஓடிட்டு இருந்துச்சு.

அதே காலத்துல டொராண்டோவுல சார்லஸ் ஹேஸ்டிங்ஸ்னு ஒரு டாக்டர் இருந்தார். கெட்டுப்போன பாலால வந்த டைபாய்டுல தன் மகளைப் பறிகொடுத்தவர். 1910-ல நகர சுகாதார அதிகாரியா வந்து, பாலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கித்தான் விக்கணும்னு போராடி ஜெயிச்சார். அவர் கவலையெல்லாம் பால்ல என்ன கிருமி இருக்குங்கிறதுலதான். ஒரே நாடு, ஒரே வருஷங்கள், சுத்தத்துக்கு ரெண்டு அர்த்தம்.

அந்த ரெண்டாவது அர்த்தம் செத்துப் போகலங்கிறது 2003-ல தெரிஞ்சுது. சார்ஸ் நோய் வந்து கனடாவுல 44 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் டொராண்டோ வட்டாரத்துல. நோய் பரவினது முக்கியமா ஆஸ்பத்திரிகள்ல. சோறு, நூடுல்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா காத்து வாங்கினது ஸ்படைனா சைனாடவுன் ஹோட்டல்கள். அட்டை வந்து ரெண்டு வருஷம் தாண்டின பிறகும் அது அந்தக் கடைகளைக் காப்பாத்தல. பிரதமர் ஜான் கிரெட்டியன் ஏப்ரல்ல சைனாடவுனுக்கு நேர்ல வந்து உக்காந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்துச்சு. 2020 ஆரம்பத்துல, கனடாவுல கொரோனா பரவுறதுக்கு முன்னாடியே சீன ஹோட்டல்கள் திரும்பவும் வெறிச்சோடிப் போச்சு. அப்போ இங்க இருந்த சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கேன்.

விதி எழுதினவன் தட்டுல என்ன இருந்துச்சோ அதுதான் விதியிலயும் இருக்கும், அது இன்னொரு சிக்கல். டொராண்டோ தெருவண்டியில பல வருஷமா ஹாட் டாக் மட்டும்தான் கிடைச்சுது. ஏற்கனவே வெந்த சாசேஜைச் சுட வைக்கிறதுதான் பாதுகாப்புன்னு மாகாண விதி. உலகத்துல பாதி மொழி பேசுற ஊர்ல, தெருவுல ஒரு சமோசா கிடைக்காது! 2007-ல விதியைத் தளர்த்தினாங்க. 2009-ல 'அ லா கார்ட்'னு பேர் வச்சு நகராட்சியே எட்டு வண்டிகளோட திட்டம் ஆரம்பிச்சுது. வண்டியும் அவங்க சொல்றதுதான், விலை முப்பதாயிரம் டாலர் பக்கம், இடமும் மெனுவும் கூட அவங்க அனுமதிச்சாத்தான். நம்பி இறங்கினவங்க கடன்ல மாட்டினதுதான் மிச்சம், 2011-ல திட்டத்தையே மூடிட்டாங்க. தள்ளுவண்டியில சுண்டல் வித்தவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா யோசனை சொல்லியிருப்பார்.

இந்தப் பட்டியல்ல நமக்குன்னு ஒரு ஓட்டை இருக்கு. சமைக்கிறவர் கை கழுவ அடுப்படியிலயே தொட்டி உண்டு. சாப்பிடுறவன் கை? நம்ம ஊர் ஹோட்டல்னா கூடத்து ஓரத்துலயே வாஷ் பேசின், மேல ஒரு கண்ணாடி, பக்கத்துல தினத்தந்தித் துண்டு. இங்க அது கழிவறைக்குள்ள மட்டும்தான். பழைய டொராண்டோ கட்டடங்கள்ல கழிவறை பெரும்பாலும் கீழ பேஸ்மென்ட்ல. அதனால பிரியாணியைக் கையால ஒரு பிடி பிடிக்கிறதா இருந்தா, குளிர்காலக் கோட்டைக் கழட்டி நாற்காலியில மாட்டிட்டு முதல்ல ஒரு தடவை கீழ இறங்குங்க. சாப்பிட்டு முடிச்சதும் வலது கையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை. கைப்பிடியை இடது கையால பிடிங்க, படி ரொம்பச் செங்குத்தா இருக்கும்.