இலங்கைத் தென்னை விளைச்சலின் வீழ்ச்சியும் ஏற்றுமதித் தொழில்களும்

இலங்கையின் பெருந்தோட்டப் பயிர்களாகத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணுவது வழக்கம். எனினும், முதலிரண்டும் கப்பலேறுவதற்கென்றே பயிரிடப்பட்டவை. தேங்காயோ முதலில் அடுக்களைக்கு உரியது. இவ்வேறுபாடே விளைச்சல் குறையும் காலங்களில் பதப்படுத்தல், ஏற்றுமதித் தொழில்களின் நிலையைத் தீர்மானித்து வந்துள்ளது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பச்சிலைப்பள்ளியிலும் மட்டக்களப்புக் கரையோரத்திலும் ஐரோப்பியர் தென்னந்தோட்டங்களை நிறுவினர். பின்னர், உள்நாட்டு முதலீட்டாளரால் விரிவடைந்த குருநாகல், புத்தளம், கம்பகா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய ‘தென்னை முக்கோணம்’ இத்தொழிலின் மையமாயிற்று. கொப்பரா, எண்ணெய், தும்பு ஆகியவற்றோடு அந்நூற்றாண்டின் இறுதியில் உலர் தேங்காய்த்துருவலும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. 1901இல் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 36 இலட்சமே. ஆதலால் உள்நாட்டுத் தேவை போகப் பெருமளவு எஞ்சிற்று. 2012இல் மக்கள்தொகை 2 கோடியைக் கடந்திருந்தது. தென்னை நிலமோ அரை நூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ 10 முதல் 12 இலட்சம் ஏக்கருக்குள்ளேயே நின்றுவிட்டது.

அண்மைக் காலத்தில் ஆண்டு விளைச்சல் பெரும்பாலும் 250 முதல் 300 கோடிக் காய்கள் என்ற அளவில் அமைகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உள்நாட்டு நுகர்வுக்குச் செல்கிறது. 300 கோடிக் காய்களில் 200 கோடி வீடுகளுக்கும் 100 கோடி ஆலைகளுக்கும் உரியன எனக் கொள்வோமாயின், விளைச்சல் பத்து விழுக்காடு குறையும்போது 30 கோடிக் காய்கள் இல்லாதுபோகும். வீட்டு நுகர்வு எளிதில் சுருங்குவதில்லை. ஆகவே, தோட்டத்தில் பத்து விழுக்காடாகத் தோன்றும் இழப்பு ஆலை வாயிலில் முப்பது விழுக்காடாகிவிடும்.

இவ்விழப்பு எல்லாத் தொழில்களையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. துருவல், தேங்காய்ப்பால் ஆலைகள் கூடிய விலை கொடுக்க வல்லவை. எண்ணெய் ஆலைகள் முதலில் பின்வாங்குகின்றன. அவ்விடத்தை இறக்குமதியாகும் பாமெண்ணெய் நிரப்பலாம். கால்நடைக்குரிய தேங்காய்ப் பிண்ணாக்கை அது தருவதில்லை. சிரட்டைக் கரித்தொழிலின் இடர் வேறுவகையானது. ஆலையில் உடைபடும் காயின் சிரட்டை ஒரே இடத்தில் சேரும். வீட்டில் உடைபடும் காயின் சிரட்டை ஆயிரம் அடுப்புகளுக்குச் சிதறும். துருவல் ஆலைகளில் சிரட்டை நீக்கும் ஆண்களும் பருப்பின் மேற்றோல் சீவும் பெண்களும் காய்க்கணக்கில் கூலி பெறுவோர். காய் வராத நாள் அவர்களுக்குக் கூலியற்ற நாளாகும்.

வீழ்ச்சிக்கான காரணங்கள் பல. பாளை வெடித்த பின் காய் முற்ற ஏறத்தாழ 12 மாதங்கள் செல்வதால், ஓராண்டின் வறட்சி அடுத்த ஆண்டின் பறிப்பிலேயே முழுமையாக வெளிப்படும். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்புத் தோப்புகளின் பெரும்பகுதியை அழித்தது. ஆனையிறவுப் போர்முனையை அண்டிய பளைத் தோட்டங்கள் உள்நாட்டுப் போரில் சிதைந்தன. தெற்கில் வெலிகம தென்னை ஓலை வாடல் நோய் பரவிற்று. தோட்டங்கள் குடியிருப்புக் காணிகளாகத் துண்டாடப்பட்டன. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டமையும் மரங்களின் ஊட்டத்தைக் குறைத்தது.

1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சித் திட்டமும், 1971ஆம் ஆண்டின் தென்னை அபிவிருத்திச் சட்டமும் இப்பயிருக்கு நிறுவன வலிமை அளித்தன. எனினும், 2025இல் ஆலைகளின் தேவைக்காகத் தேங்காய்ப் பருப்பை இறக்குமதி செய்ய அரசு இணங்க நேர்ந்தது. அதே ஆண்டில் வடமாகாணத்தில் புதிய தென்னை முக்கோணத் திட்டமும் தொடங்கப்பெற்றது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். இறக்குமதி அவ்விடைக்காலத்தைக் கடக்க உதவலாமேயன்றி, நடுகைக்கு ஈடாகாது. வீட்டுத் தேவைக்கும் ஆலைத் தேவைக்கும் சேர்த்து மரங்கள் நடப்படாதவரை, குறைவிளைச்சலின் சுமை முதலில் ஆலைகளையும், இறுதியில் காய்க்கணக்கில் கூலி பெறுவோரையுமே சாரும்.