பி.பி. கால்

நெமிலியிலிருந்து வேலூருக்கு வந்து நான் டிரங்க் போர்டில் உட்கார்ந்த காலத்தில், ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிகள்தான் எங்களை ஓயவிடாதவர்கள். டிரங்க் புக்கிங் எண்ணான 180-ஐச் சுற்றி, சென்னைப் பெரியமேட்டுக்குக் கால் புக் செய்வார்கள். அன்றைய விலை தெரிந்தால்தான் சரக்கு கிளம்பும். பொறுக்க முடியாதவர்களுக்கு லைட்னிங் கால் உண்டு. சாதாரணக் கட்டணத்தைப் போல 8 மடங்கு. அதையும் கொடுத்துப் பேசினார்கள்.

எனக்குப் பிடித்தது பி.பி. கால். நம்பரைக் கேட்காமல் ஆளைக் கேட்பது. அதற்குத் தனிக் கட்டணம்.

"மெட்ராஸ், வேலூர் பேசறேன். பாய் இருக்காரா?"

"தொழுகைக்குப் போயிருக்கார். அரை மணியில வருவார்."

அதை டிக்கெட்டில் எழுதிவைத்து, நேரம் பார்த்து மறுபடி கூப்பிடுவோம். யார் எந்த வேளையில் எந்தக் கடையில் இருப்பார் என்பது எங்களுக்கு மனப்பாடம்.

எங்களைப் போன்ற ஆபரேட்டர்களே வேண்டாம் என்று நினைத்தவரும் உண்டு. கான்சாஸ் நகரத்தில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரோஜர், தன் வாடிக்கையாளர்களை ஆபரேட்டர் வேறு ஆளுக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டுத்தான் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு வழி தேடினார் என்பார்கள். 1891-இல் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் 1960-இல் லக்னோ–கான்பூர் இடையே, ஆபரேட்டர் இல்லாமல் நேரே வெளியூருக்குச் சுழற்றும் முதல் எஸ்.டி.டி. வந்தது. அப்புறம் நம்பரே முகவரியாகிவிட்டது. 04177 என்றால் அரக்கோணம், 04174 ஆம்பூர், 04172 ராணிப்பேட்டை. இடமிருந்து இலக்கங்களைப் படித்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும்.

அந்த ஏற்பாட்டை மொபைல் ஆட்டம் காணவைத்தது. 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்றானது. நம்பரைப் பார்த்து எந்தக் கம்பெனியின் இணைப்பு என்று இனி சொல்ல முடியாது. ஒவ்வொரு அழைப்புக்கும் தரவுத்தளத்தைக் கேட்டே வழி தெரிய வேண்டியிருக்கிறது.

சென்னையில், இணையவழி அழைப்புகளை இணைக்கும் சிப் (SIP) சர்வர்களைக் கவனிக்கும் என் அக்கா மகன் தன் வேலையைத் திரையில் காட்டினான். முதலில் நம்பருக்கு முன்னால் 91 சேர்த்து ஒரே வடிவமாக்குகிறார்கள். பிறகு அட்டவணையில் அதிக இலக்கங்கள் பொருந்தும் வரியைத் தேடி, அந்த வழியில் அனுப்புகிறார்கள். ஈனம் (ENUM) என்றொரு முறையில் நம்பரையே திருப்பிப் போடுகிறார்கள். 914177 என்பது 7.7.1.4.1.9 ஆகும். இணைய முகவரியில் பெரிய இடம் வலக்கோடியில் வருவதால் அப்படி.

"சித்தி, இதைப் பாருங்க" என்று அடுத்து அவன் காட்டியதில்தான் நான் நிமிர்ந்தேன். ஒவ்வொரு போனும் குறித்த இடைவெளியில், 'இப்போது இங்கே இருக்கிறேன்' என்று சர்வரில் பதிகிறது. அழைப்பு வந்ததும் சர்வர் அந்தப் பதிவைத் தேடுகிறது. எங்கள் பி.பி. கால்தான் இது!

பதில்களும் அப்படியே. 404 என்றால் அப்படி ஒருவரே இல்லை. 302 என்றால் தற்சமயம் வேறிடத்தில். 480 என்றால் இப்போதைக்கு ஆள் கிடைக்கவில்லை. 480-உடன், எவ்வளவு நேரம் கழித்துக் கூப்பிடலாம் என்று சொல்லவும் 2002-இல் வந்த சிப் விதியில் இடமிருக்கிறது. அவன் சர்வரில் அது காலியாகக் கிடந்தது. நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.