வாகன அம்பிளிபயரில் ‘கெயின்’: சத்தம் கூட்டுகின்ற குமிழ் அல்ல

வாகனங்களுக்குப் பாட்டு செற் பூட்டுவது எனது தொழில். திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கம் ஓடுகின்ற வான், ஓட்டோ சாரதிகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: “சத்தம் காணாது, கெயினைக் கூட்டிவிடுங்கோ.”

கெயின் சத்தம் கூட்டுவதற்கானது அல்ல. செற்றிலிருந்து வருகின்ற வோல்ற்றளவுக்கு அம்பிளிபயரைப் பொருத்துவதே அதன் வேலை. சில செற்கள் 2 வோல்ற் அனுப்பும். சில 4 வோல்ற் அனுப்பும். அளவுக்கு மேல் திருப்பினால் அம்பிளிபயரால் கொடுக்க முடியாததைக் கேட்கிறோம். ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். பாட்டு கரகரக்கும். ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும்.

சரியாக வைக்க ஒரு மல்ரிமீற்றரும் போனில் 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியும் போதும். மலிவான மீற்றர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸை ஒட்டித்தான் நம்பகமாக அளக்கும்.

1. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். கெயினை முழுதாகக் குறையுங்கள். பாஸ் பூஸ்ற், ஈக்குவலைசர், பில்ற்றர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

2. என்ஜினை இயங்க விடுங்கள். போனின் சத்தத்தை முழுதாகவும் செற்றின் சத்தத்தை முக்கால் பங்குக்கும் வையுங்கள்.

3. அம்பிளிபயர், ஸ்பீக்கர் இரண்டின் ஆர்.எம்.எஸ். வாட் அளவில் குறைந்ததை எடுத்து, ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். 100 வாட், 4 ஓம் என்றால் பெருக்கம் 400. விடை 20 வோல்ற். 50 வாட் என்றால் ஏறத்தாழ 14 வோல்ற்.

4. மீற்றரை ஏ.சி. வோல்ற்றில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, அந்த அளவு வரும்வரை கெயினை மெதுவாகத் திருப்புங்கள். வந்ததும் நிறுத்துங்கள். பிறகு செற்றை நிறுத்தி வயர்களைப் பூட்டி, பில்ற்றர்களைப் பழையபடி வையுங்கள். இனி செற்றில் முக்காலுக்கு மேல் போகவேண்டாம்.

இதை எங்கள் மாவட்டத்தில் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் ஷெல் வீச்சுக்குள் இருந்தவர்களும் இந்த வாகனங்களில்தான் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் வந்துபோகிறார்கள். வெடிச்சத்தத்தில் அழிந்துபோன உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. சிலருக்கு காதிரைச்சல் நிற்பதேயில்லை. கேள்வி குறைந்தவர் முதலில் இழப்பது சொற்களின் தெளிவை. கரகரப்பு அதை இன்னும் கெடுக்கும்.

நல்ல காதுக்கே 85 டெசிபெல் நாளுக்கு 8 மணித்தியாலம்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் வெறும் 15 நிமிடம். பக்கத்து சீற்றில் இருப்பவரோடு கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் ஏற்கெனவே அளவு மீறிவிட்டது.

கெயின் சரியாக இருந்தால் குறைந்த சத்தத்திலும் பாட்டின் சொல் விளங்கும். பின் சீற்றிலிருந்து “தம்பி, கொஞ்சம் குறையுங்கோ” என்று ஒருவர் கேட்டால், காரணம் கேட்காமல் குறைத்துவிடுங்கள்.