பேட்டரி லைட்டும் மடக்குக் கத்தியும்

என் மேசை இழுப்பறையில் ஐந்து டார்ச் லைட்டுகளும் மூன்று மடக்குக் கத்திகளும் இருக்கின்றன. சோழிங்கநல்லூரில் ஏழாவது மாடியில் குடியிருந்துகொண்டு, பகல் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இவ்வளவு வெளிச்சமும் கூர்மையும் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. கரண்ட் போனால் பத்து நொடியில் ஜெனரேட்டர் வந்துவிடும். கத்தியால் நான் இதுவரை அறுத்ததெல்லாம் கூரியரில் வந்த அட்டைப் பெட்டிகளைத்தான். அந்தப் பெட்டிகளில் பாதிக்குள் இருந்ததும் கத்தியோ டார்ச்சோதான்.

இந்தப் பழக்கத்துக்கு 'எவ்ரிடே கேரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது தினமும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சாமான்கள். அவற்றை மரப்பலகையில் அழகாக அடுக்கிப் படம் எடுத்துப் போடுவதும், எஃகின் வகையையும் லூமன் கணக்கையும் ஒப்பிட்டு விவாதிப்பதும் உலகம் முழுக்க ஒரு கூட்டத்துக்குப் பொழுதுபோக்கு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். போன கார்த்திகையில் காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது புதிதாக வாங்கிய இரண்டு டார்ச்சையும் ஒரு கத்தியையும் சித்தப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார்: "நல்லாத்தான்டா இருக்கு. நீ ராத்திரில எங்க போற?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

தினமும் கத்தி வைத்துக்கொண்டு நடப்பது நமக்குப் புதிதல்ல. பனையோலையில் எழுதிய காலத்தில் எழுதுகிறவனுக்கு எழுத்தாணி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கத்தி. ஓலையை வார வேண்டும், ஓரத்தை நறுக்கிச் சமப்படுத்த வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் நினைவுகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை சொல்கிறார். இதில் மடக்கெழுத்தாணிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரே கைப்பிடிக்குள் எழுத்தாணியும் கத்தியும். வேலை முடிந்தால் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் தன் அதிகாரிகள் கத்திக்குக் காப்புரிமை வாங்கியது 1897இல். ஒரு கைப்பிடியில் பல கருவி என்ற யோசனை நம் கணக்குப்பிள்ளைகளின் மடியில் அதற்கு முன்பே இருந்திருக்கிறது. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் என்று காட்டுமன்னார்கோயிலைச் சொல்வார்கள். ஓலை புழங்கிய ஊரில் ஓலை நறுக்கும் கத்தியும் புழங்கியிருக்கும்.

ஓலை போய்க் காகிதம் வந்தபோது கத்தி போகவில்லை, பெயர்தான் மாறியது. இறகுப் பேனாவைச் சீவுவதற்கான சின்னக் கத்தி பேனாக்கத்தி. 'பேனா' என்ற சொல்லே இறகைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். இறகுப் பேனாவை நாம் யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் பேனாக்கத்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் தலைமுறையின் பள்ளிக்கூடப் பையில் அதன் வாரிசாக இருந்தது பென்சில் சீவும் பாதி பிளேடு. அதற்குப் பிறகு சினிமாவில் வில்லன் 'க்ளிக்' என்று விரித்த பட்டன் கத்தி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. இன்று சட்டைப்பையில் கத்தி என்றால் ரவுடி என்று அர்த்தம். இத்தனைக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பற்றித்தான் கவலைப்பட்டன. அவற்றிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. என் கத்தியின் அலகு மூன்று அங்குலம்கூட இல்லை.

டார்ச்சின் கதை இன்னும் இளையது. 1899 ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. குழாய்க்குள் வரிசையாக உலர் மின்கலங்கள், முனையில் ஒரு பல்பு, பின்னால் பிரதிபலிப்பான். இன்றைக்கும் டார்ச்சின் உருவம் அதுதான். அந்தக் காப்புரிமை போய்ச் சேர்ந்தது ரஷ்யாவிலிருந்து குடியேறிய கான்ராட் ஹூபர்ட்டின் நிறுவனத்துக்கு. அது பிற்காலத்தில் எவரெடி ஆனது. ஆரம்பகால மின்கலமும் பல்பும் பலவீனமானவை. தொடர்ந்து எரியாது, பளிச்சென்று அடித்துவிட்டு அணைக்க வேண்டும். அமெரிக்கர்கள் அதை 'ஃப்ளாஷ் லைட்' என்றதற்கு அதுதான் காரணம். ஆங்கிலேயர்கள் பழைய தீவட்டியின் பெயரையே வைத்து 'டார்ச்' என்றார்கள். நாம் இரண்டிலும் பாதி எடுத்து 'டார்ச் லைட்' என்றோம். எங்கள் பக்கத்தில் அதுவும் இல்லை, 'பேட்டரி லைட்டு'. அதிலிருந்த பெரிய விஷயம் பேட்டரிதான் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தியாவில் எவரெடி நிறுவனம் பதிவானது 1934இல். கல்கத்தாவில் பேட்டரி தயாரிப்பு தொடங்கி, 1952இல் நம் திருவொற்றியூருக்கும் ஆலை வந்தது. 1958இல் லக்னோவில் டார்ச் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு நிறுவனம் தன் பெயரை யூனியன் கார்பைட் இந்தியா என்று மாற்றிக்கொண்டது. ஆம், அதே யூனியன் கார்பைட். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் விஷவாயுவைக் கசியவிட்ட பூச்சிமருந்து ஆலையும், எங்கள் வீட்டு மாடத்தில் நின்ற பேட்டரியும் ஒரே கம்பெனியுடையவை. ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கத்திலும் ஓட்டத்திலும் செத்தார்கள். அமெரிக்கத் தாய்நிறுவனம் தன்னிடமிருந்த 50.9 சதவீதப் பங்கை 1994இல் கொல்கத்தாவின் மெக்லியோட் ரஸ்ஸல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டுப் போனது. யூனியன் கார்பைட் இந்தியா திரும்பவும் எவரெடி ஆனது. பூனை தாண்டும் ஒன்பது மட்டும் மாறவில்லை. சின்ன வயதில் அந்தப் பேட்டரியை உடைத்துக் கரிக்குச்சியை எடுத்துச் சுவரில் கிறுக்கியிருக்கிறேன். அதன் வரலாறு கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இந்த பேட்டரி லைட்டுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் என்ன வேலை? தண்ணி கட்டுவது. கீழணையில் பிரியும் வடவாறு கொள்ளிடத்துத் தண்ணீரை வீராணத்துக்குக் கொண்டுவருகிறது. பராந்தக சோழன் காலத்து ஏரி. இப்போது சென்னைக்கும் குழாயில் போகிறது. ஏரியிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். தண்ணீர் குறைந்த நாட்களில் முறை வைத்து விடுவார்கள். முறை பகலில்தான் வரும் என்று யார் சொன்னது? ராத்திரி இரண்டு மணிக்கு உன் முறை என்றால் எழுந்து போக வேண்டியதுதான். போகாவிட்டால் பக்கத்து வயல்காரன் மடையைத் திருப்பிக்கொள்வான். போர் செட்டு வைத்தவர்களுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம்தான் முறை.

அந்த நேரம்தான் பாம்புகளுக்கும் முறை. நெல் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் வரப்பெல்லாம் வளை இருக்கும், வளை இருந்தால் கண்ணாடி விரியன் வரும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைமாதங்களில். கிட்டத்தட்ட எல்லாம் கிராமங்களில். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்ற சொல் சரியான சொல்.

அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பா ஒரு விஷயம் சொன்னார். இதுவரை வீட்டில் யாரும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. தெருவில் பேட்டரி லைட் மூன்று வீட்டில்தான் இருந்தது. ஒன்று தாத்தாவுடையது. முறை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போவார். விலை காரணமாகப் பேட்டரியைச் சிக்கனமாகத்தான் எரிப்பார்கள். மங்கினால் வெயிலில் காயவைப்பார்கள். ஓய்விலும் சூட்டிலும் உள்ளே வேதிவினை கொஞ்சம் மீண்டு, இன்னும் ஒருநாள் ஓடும். சித்தப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருநாள் சாயந்திரம் தாத்தா இல்லாத நேரத்தில் லைட்டை எடுத்துப் புளியமரத்தில் வௌவால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அன்னிக்கு ராத்திரி அவரு வந்து கேட்டாரு. அப்பா எடுத்து அமுக்குனா சேப்பா ஒரு பொட்டு மாதிரி எரியுது. 'பரவால்ல மாமா, நெலா வெளிச்சம் இருக்கே'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

விடியற்காலம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் மந்திரிக்கிறவரிடம், அப்புறம் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்கு. மூன்றாம் நாள் போய்விட்டார்.

"நாந்தான் தீத்தேன்னு அப்பாக்குத் தெரியும். ஒரு வார்த்த கேக்கல."

டார்ச் லைட்டுக்கு எஃப்.எல்.1 என்று ஒரு தரநிர்ணயம் உண்டு. 2009இல் அமெரிக்காவில் வந்தது. ஒரு டார்ச் எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதை அது எப்படி அளக்கிறது தெரியுமா? வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரைக்கும். 0.25 லக்ஸ் என்பது வானம் தெளிந்த பௌர்ணமி நிலவின் வெளிச்சம். அதாவது 'நிலா வெளிச்சம் இருக்கே' என்று சொல்லும் இடத்தில் டார்ச்சின் வேலை முடிந்துவிட்டதாக எஞ்சினியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்த எண் எனக்குப் பல வருடமாகத் தெரியும். அன்றைக்குத்தான் அது என்னவென்று புரிந்தது.

மறுநாள் இரண்டு டார்ச்சையும் வரப்பில் வைத்துச் சோதித்தோம். முதலாவது, 3000 லூமன். பார்க்க மின்னல் மாதிரி இருக்கும். ஆனால் சூடு தாங்காமல் ஒரே நிமிடத்தில் தானாக மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. நீலம் கலந்த 6500 கெல்வின் வெள்ளையில் சேறு, வைக்கோல், காய்ந்த இலை எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிகிறது. ஒரே பட்டன், ஒருமுறை அமுக்கினால் ஒன்று, இருமுறைக்கு வேறு, மூன்று முறைக்குப் படபடவென்று சிமிட்டும். சேற்றுக் கையோடு சித்தப்பா அமுக்க, வயல் நடுவே கல்யாண மண்டப வெளிச்சம். "ஒரு பட்டனுக்கு இவ்ளோ பாடமாடா?"

இரண்டாவது, விலையில் பாதி. 150 லூமனில் ராத்திரி முழுக்க எரியும். மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், நிறங்களை உள்ளபடி காட்டும் எல்.இ.டி. பின்பக்கம் அழுத்தமான ஒரே சுவிட்சு. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா பென்சில் பேட்டரியும் போடலாம். "இதுல மண்ணு மண்ணா தெரியுது, வைக்க வைக்கலா தெரியுது" என்றார். பழுப்பு மண்மேல் கிடக்கும் பழுப்புப் பாம்பைப் பார்க்க வேண்டியவரின் விமர்சனம் அது. அதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை.

கத்திக்கும் அப்படித்தான். என் மற்றொரு கத்தியில் அலகை நகத்தால் கிள்ளி இழுத்துத் திறக்க வேண்டும். ஈரக் கையில் வழுக்கும். கொண்டுபோன கத்தியைக் கட்டைவிரலால் தள்ளினால் ஒரு கையிலேயே திறந்துவிடும். மறு கையில் நாற்றுமுடியோ உரமூட்டையின் நைலான் கயிறோ இருக்கிறவருக்கு அது வசதி. ஆனால் அதன் டி2 எஃகில் குரோமியம் 12 சதவீதம்தான், எண்ணெய் போடாவிட்டால் எங்கள் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும். சித்தப்பா கருக்கரிவாளைத் துடைக்கிற துணியாலேயே அதையும் துடைத்துவிட்டு, "பாப்பம்" என்று மடியில் செருகிக்கொண்டார்.

இடையில் ஒரு சாதனத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2003இல் நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத பட்டன்கள், வழுக்காத பக்கங்கள், தலையில் ஒரு சின்ன டார்ச். உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற அந்தப் போன் நம் ஊர் ராத்திரிகளை நினைத்தே செய்யப்பட்டது. இப்போது எல்லார் கையிலும் போன் வெளிச்சம் உண்டு. ஆனால் மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் போனைப் பையில் போட்டுவிட்டு இருட்டில் நடப்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு முறை. நானும் கூடப் போனேன். கையில் 3000 லூமன். பத்தடி போகவில்லை.

"அணைடா தம்பி, கண்ணு கூசுது. என் பின்னாடியே வா."

அவர் தூரத்தில் அடிக்கவே இல்லை. அடுத்த காலடி விழும் இடத்தில் மட்டும் அந்த மஞ்சள் வட்டம் நகர்ந்துகொண்டே போனது. மடை திறந்து, தண்ணீர் பாய்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

விலை என்ன என்று கேட்டார். முந்நூறு என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் டார்ச்சைச் சார்ஜரில் செருகினார். சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். தூங்கப் போகும் முன் இன்னொரு முறை வந்து பார்த்தார்.