பாக்கு விரிகுடாவின் பெயர் வழக்குகள்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட பாக்கு விரிகுடா ஆழம் குறைந்த கடலாகும். அதன் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்திற்கு உட்பட்டதே. சென்னையின் ஆளுநராக 1763 முதல் 1767 வரை விளங்கிய இராபர்ட் பாக்கின் பெயரே இக்கடலுக்கு இடப்பட்டது. தமிழில் அது 'பாக்கு' என வழங்குவதால், கமுகங்காயோடு தொடர்புடைய பெயரென மயங்க இடமுண்டு.

இராமேசுவரத் தீவின் மீனவரோ இக்கடலை 'வடகடல்' என்றும், தீவின் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவைத் 'தென்கடல்' என்றும் வழங்குகின்றனர். இவை திசையை மட்டும் சுட்டுவன அல்ல. வாடைக் காலத்தில் வடகடலும், தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் தென்கடலும் கொந்தளிக்கும். அதற்கேற்பக் கரை மாறித் தொழில் செய்யும் மரபு இப்பெயர்களில் பொதிந்துள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சொற்கள் எதிர்த்திசையிலும் சென்றன. 'சங்கு' ஆங்கிலத்தில் 'சாங்க்' ஆயிற்று. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலின் தலைப்பிலேயே அச்சொல் இடம்பெற்றது. மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகளைக் குறிக்கும் 'பார்' என்பதும் அரசு அறிக்கைகளில் அப்படியே ஆளப்பட்டது. வருவாய் தந்த பொருள்களுக்குத் தமிழ்ச் சொல்லைக் கடன்பெற்றவர்கள், கடலுக்குத் தம்மவர் பெயரைச் சூட்டினர் என்பது கருதத்தக்கது.

ஆழம் குறைவாதலின் கதிரவன் ஒளி அடித்தரையை எட்டிக் கடற்புல் செழிக்கிறது. அதனை மேயும் பாலூட்டியை மீனவர் 'ஆவுளியா' என்பர். மேய்ச்சல் பற்றிக் 'கடற்பசு' என்றும், 'கடற்பன்றி' என்றும் வழங்குவதுண்டு. முற்காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்ட இவ்வுயிருக்கென 2022இல் தமிழக அரசு இவ்விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது.

பெயர்ச் சிக்கல் வாழ்வுச் சிக்கலாவதைக் 'கடலட்டை' காட்டுகிறது. உலர்த்தி ஏற்றுமதி செய்யப்பட்ட இவ்வுயிரைப் பிடிப்பது இந்தியாவில் 2001இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. இலங்கையிலோ உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஒரே கடல், ஒரே மொழி, இருவேறு சட்டங்கள். இதனைக் குறிக்கும் 'கடல் வெள்ளரி' என்னும் பாடநூற்சொல் ஆங்கிலத்தின் நேர் பெயர்ப்பு. மூழ்கி எடுப்போரின் வழக்கன்று. அறிவிப்பு ஒன்றில் அச்சொல் மட்டும் நின்றால், தண்டனைக்கு உள்ளாகக்கூடியவருக்கே தடை விளங்காது போகும்.

ஆதலின் கடல்சார் சட்டங்களையும் அறிக்கைகளையும் மொழிபெயர்ப்போர் கரையோர வழக்கை முதன்மைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். துறைச்சொல்லை அதனோடு இணைத்துத் தரலாம். யாரைக் கட்டுப்படுத்துகிறதோ, அவருக்குப் புரியும் சொல்லில் அமைவதே சட்டத்திற்கு நேர்மையாகும்.