வானத்தை வரைந்தவர்கள் – 6
பச்சைச் சூரியன்

போன வாரம் கிரகடோவா எரிமலை வெடித்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1883 ஆகஸ்ட் 27. அந்த வெடிப்பு கிளப்பிய அலையில் நாகப்பட்டினத்திலும் மெட்ராஸிலும் கடல்மட்டம் ஏறி இறங்கியது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அடுத்தது வானத்திலிருந்து வந்தது.

செப்டம்பர் 9. மெட்ராஸில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது!

ஒரு நாள் கூத்து அல்ல, தொடர்ந்து பல நாட்கள். இலங்கையிலும் இதே கதைதான். அடிவானத்தை ஒட்டிப் பச்சை, மேலே ஏறினால் நீலம். வெறும் கண்ணால் கூசாமல் பார்க்கும் அளவுக்கு மங்கல்.

சூரியன் நிறம் மாறுவது கொடுங்கையூர்க்காரர்களான எங்களுக்குப் புதிதல்ல. குப்பைமேடு பற்றிக்கொண்ட நாட்களில் புகைக்குப் பின்னால் செக்கச்செவேலென்று தொங்கும். சிவப்பு சரி. பச்சை எப்படி வந்தது?

அந்தக் கேள்வியோடு நிறமாலைக் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பினார் ஒருவர். சி. மிக்கி ஸ்மித், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இயற்பியல் பேராசிரியர். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவரும் இவர்தான். கருவிக்குள் சிவப்புப் பகுதி பெரிதும் மங்கிக் கிடந்தது. நீராவிக்குரிய கறுப்புக் கோடுகளோ வழக்கத்தைவிட அழுத்தமாகத் தெரிந்தன.

சிவப்பு எங்கே போனது? பொடிப்பொடியான புகைத் துகள்கள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். நம் கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு. துகள்கள் கொஞ்சம் பெருத்து, ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்துவிட்டால் கணக்கு தலைகீழ். சிவப்பு சிதறிப்போகும், பச்சையும் நீலமும் வந்துசேரும். அந்த அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட துகள்களைச் சுமந்த கிரகடோவாவின் மேகம் பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கு நோக்கி உலகத்தையே சுற்றிக்கொண்டு நம் ஊருக்கு வந்தது.

மிக்கி ஸ்மித் கோடுகளைக் குறித்துவைத்தார். நிறத்தை யார் பிடித்துவைப்பது? அன்றைய புகைப்படத்துக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும்.

அந்த மேகம் வடக்கே பரவிய நவம்பரில், லண்டன் செல்சியில் தேம்ஸ் ஆற்றங்கரையில் வண்ணக்கட்டிகளோடு நின்றார் ஓவியர் வில்லியம் ஆஸ்கிராஃப்ட். ஒரு நிறத்தைத் தீட்டி முடிப்பதற்குள் வானம் அடுத்த நிறத்துக்குப் போய்விடும். அதனால் சுருக்கெழுத்து மாதிரி நாலு தீற்று, உடனே அடுத்த தாள். நவம்பர் 26 அந்திப்பொழுதை மட்டும் வரிசையாகப் பல தாள்களில் பிடித்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 500 படங்களுக்கு மேல் சேர்ந்தன. 1888இல் ராயல் சொசைட்டி கிரகடோவா அறிக்கையை வெளியிட்டபோது, அதன் முகப்பில் இடம்பிடித்தது அந்த நவம்பர் 26தான். ஓவியம் அறிவியல் சாட்சியாக ஏறிய கூண்டு அது.

ஆனால் ஆஸ்கிராஃப்டின் விரல்கள் விறைத்துப்போகவில்லை. அடுத்து வந்தவருக்கு அந்த வசதி இல்லை. 1911, அண்டார்க்டிகா, நான்கு மாத இருட்டு. நிலவைச் சுற்றி ஒளிவளையம், இருபுறமும் இரண்டு போலி நிலவுகள். அதை வரையக் குழுவின் குடிசையை விட்டு வெளியே வந்த ஓவியர் எட்வர்ட் வில்சனின் தூரிகையில் தண்ணீர் பனிக்கட்டியாக உறைகிறது. பிறகு அந்த நிறங்களைக் குடிசைக்குள் எப்படிக் கொண்டுபோனார்? அதே குடிசையில், அந்த வளையத்தின் காரணம் தெரிந்த வானிலை அறிஞர் ஒருவரும் இருந்தார். அவர் வந்தது நம் சிம்லா வானிலை அலுவலகத்திலிருந்து.

(அடுத்த வாரம்: பென்சிலால் எழுதிய நிறங்கள்)